வந்த இசையும் சொந்த இசையும்

கொரியா என்றதும் நம் பகுதி மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தொழிற்சாலை. மணவாள நகரில் விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்ப்போர், திருப்பெரும்புதூர் நோக்கி விரையும் கம்பெனிப் பேருந்துகளை வரிசையாகக் காணலாம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கொண்ட நாள்முதல், அந்நாட்டுப் பெயர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் இடம்பிடித்துவிட்டன. அடுத்து நினைவுக்கு வருவன, நம் பெண்மக்கள் கைப்பேசியில் கண்டு கண்ணீர் வடிக்கும் தொடர்நாடகங்களும், ஒரே அச்சில் வார்த்தாற்போல் ஆடிப்பாடும் இளைஞர் குழுக்களும். இவை இரண்டுமல்லாத மூன்றாவதொரு கொரியா உண்டு. அந்நாட்டிலேயே பெரும்பாலோர் செவிசாய்க்காதது அது. அதன் பெயர் ஹெவி மெட்டல். இரைச்சல் என்று ஒதுக்கப்படும் ஓர் இசையைப் பற்றி இலக்கிய இதழொன்றில் எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு, அதையே முதலில் கூறிவிடுகிறேன்.

நம் இலக்கியம், வந்த வடிவங்களைச் சொந்தமாக்கிக்கொண்ட இலக்கியம். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகியவை அரபு, பாரசீக மண்ணிலிருந்து கடல் கடந்து வந்தவை. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் ‘ஆயிர மசலா’வை மதுரையில் அரங்கேற்றியபோது, வினாவும் விடையுமாகவே ஒரு நூல் முழுதும் செல்வதைக் கேட்டுப் புருவம் நெரித்தோரும் அவையில் இருந்திருக்கக்கூடும். உமறுப் புலவரோ எதிர்த்திசையில் சென்றார். அண்ணலாரின் திருவரலாற்றைப் பாட வந்தவர், தமிழ்க் காப்பிய மரபு வழுவாமல் நாட்டுப்படலம் பாடி, பாலை மணலில் மருதத்தின் நீர்வளத்தைப் பாய்ச்சினார். இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். ஆயினும் சீறாப்புராணம் யாருடைய நூல் என்று இன்று எவரும் ஐயுறுவதில்லை. வந்த வடிவம் எப்போது சொந்தமாகிறது என்னும் வினா நமக்குப் பழைய வினா. அதே வினாவைக் கொரிய இளைஞர்கள் மின்கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடையை எடைபோடும் தகுதி நமக்குண்டு என்பது என் எண்ணம்.

இவ்விசையைக் கேட்டறியாதவர்களுக்குச் சில சொற்கள். ஒலிபெருக்கிக்குத் தாங்கும் அளவுக்கு மேல் கிதாரின் ஒலியைச் செலுத்தினால், ஒலியலையின் முகடுகள் நறுக்கப்பட்டுக் கரகரப்பான, தடித்த ஓசை பிறக்கும். அந்தக் கரகரப்பே இவ்விசையின் மூலப்பொருள். அவ்வோசையில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் குழம்பிவிடும். ஆதலால் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு காந்தாரத்தை நீக்கிவிடுகிறார்கள். நம் தம்பூராவின் சுருதியும் பெரும்பாலும் அவ்விரு சுரங்களே என்பதை எண்ணிப் பார்த்தால், இது வேற்றுலகத்துப் பண்டமன்று என்பது விளங்கும். தாளத்துக்கு இரு கால்களாலும் இயக்கப்படும் பெருமுரசு. குரலோ, குரல்நாண்களுக்கு மேலிருக்கும் மடிப்புகளை அதிரச்செய்து எழுப்பும் உறுமல். மைக் வேண்டாத நாகூர் ஹனீபாவின் குரலைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு உரத்த குரல் அச்சமூட்டாது. உரப்பினுள் இனிமை இல்லாமையே உறுத்தும். அவ்வுறுத்தல் இவர்கள் வேண்டுமென்றே செய்வது.

இவ்விசை பிறந்த இடமும் நம் பகுதியைப் போன்றதொரு தொழில்நகரமே. இங்கிலாந்தின் பர்மிங்காமில், பதினேழு வயது டோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலிகொடுத்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்துகொண்டார்; மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னாளில் வலி குறைய அவற்றைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் கனத்த ஓசைக்கு அந்த ஊனமும் ஒரு காரணம். கொரிய உதிரிப்பாகக் கம்பெனியொன்றில் பிரஸ் ஷாப்பில் வேலைபார்க்கும் என் சகோதரி மகனிடம் இதைக் கூறியபோது, அவன் இசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “மாமு, அந்தக் கம்பெனியில் இ.எஸ்.ஐ. மாதிரி ஏதாவது கொடுத்தார்களா?” என்றான்.

கொரியாவுக்கு மின்கிதார் வந்தது போரோடும் படையோடும். 1950-களில் அமெரிக்கப் படைமுகாம்களில் சிப்பாய்களுக்கு வாசித்துப் பிழைத்தவர்களுள் ஷின் ஜுங்-ஹ்யுன் என்னும் இளைஞர், பின்னர் கொரிய ராக் இசையின் தந்தை எனப் போற்றப்பட்டார். 1972-இல், அதிபர் பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து பாட்டெழுதுமாறு மேலிடத்திலிருந்து வந்த கேட்பை மறுத்துவிட்டு, ஆளைப் பாடாமல் தம் நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பாடினார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பரிசு விரைவிலேயே கிடைத்தது. 1975-இல் கஞ்சா வழக்கில் சிறை. அதன்பின் மேடையும் வானொலியும் மூடின. அவருடைய பாடல்கள் உட்பட நூற்றுக்கணக்கான பாடல்கள் அக்காலத்தில் தடைசெய்யப்பட்டன. தெருவில் நீள்முடி இளைஞரைப் பிடித்துக் காவலர்களே கத்தரி வைத்த காலம் அது.

இதைப் படிக்கையில் நமக்கு வேறொரு நினைவும் வரும். கொரியாவில் ஒன்பதாவது நெருக்கடி ஆணை பிறந்தது 1975 மே 13-இல். ஆறே வாரத்தில், ஜூன் 25-இல், இந்தியாவிலும் நெருக்கடி நிலை வந்தது. ஆட்சியாளர் அழைப்புக்கு இணங்காத கிஷோர் குமாரின் குரல் அகில இந்திய வானொலியில் நிறுத்தப்பட்டது. வேறுபாடு, நம் நாட்டில் அந்த இருள் இரண்டாண்டுக்குள் விலகியது. கொரியாவில் 1979-இல் பார்க் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னும் படையாட்சி தொடர்ந்தது. 1980 மேயில் குவாங்ஜு நகரத்துத் தெருக்களில் குருதி ஓடியது.

தடை இருக்குமிடத்தில் கள்ளச்சரக்கும் இருக்கும். அயல்நாட்டு இசைத்தட்டுகளைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்துத் தாழ்ந்த விலைக்கு விற்கும் கடைகள் சியோலின் சொங்கேச்சொன் பகுதியில் மலிந்திருந்தன. மங்கிய அட்டை, கீறல் ஒலி. ஆனால் உலகத்துக்கு அதுவே சாளரம். சென்னைக் கடற்கரை நிலையத்தெதிரே பர்மா பஜாரில் ஒலிநாடா தேடித் திரிந்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1986-இல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இசைத்தட்டு வெளியிட்டன: சினாவி, பெக்துசான், பூஹ்வால். ஜோங்னோ பகுதியின் பகோடா திரையரங்கு அவர்கள் கூடும் களமாயிற்று. சினாவியின் தலைவர் ஷின் தே-சொல், தடைசெய்யப்பட்ட ஷின் ஜுங்-ஹ்யுனின் மகன். அப்போது இருபது வயது நிரம்பவில்லை. குழுவின் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ‘சினாவி’ என்பது அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் பூசாரிச் சடங்குகளுக்கு வாசிக்கப்படும் பழைய கூட்டிசை. ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் மனோதர்மமாகச் செல்ல, யாவும் ஒன்றாய் இயையும். பெக்துசானோ கொரியர் புனிதமாகக் கருதும் மலையின் பெயர்.

பெயர் கொரியப் பெயர், இசை? இங்கேதான் திறனாய்வாளன் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அம்முதல் தட்டுகளைச் செவிகொடுத்துக் கேட்டால், இங்கிலாந்தின் கிதார், அமெரிக்காவின் சிகை, ஜப்பானின் பளபளப்பு ஆகியவை தனித்தனியே தெரிகின்றன. பெயரை மட்டும் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு மற்றனைத்தையும் கடன்வாங்கியிருக்கிறார்கள். எனினும் சினாவியின் தொடக்கப் பாடல் இன்றும் நிற்கிறது. வானொலியை உரக்க வைக்கச் சொல்லும் பாடல் அது. அதன் சொற்களில் ஆழம் ஒன்றுமில்லை. எந்நாட்டு இளைஞனும் பாடக்கூடியது. ஆனால் தந்தையின் குரலை வானொலியிலிருந்து துடைத்தெறிந்த நாட்டில், மகன் கிதாரை மீட்ட, வானொலியை உரக்க வை என்று ஒருவன் கத்துகிறான். இம் ஜே-பொமின் அந்தக் குரலில் உள்ள உவகை இரவல் பொருளன்று. வரலாறு தெரியாமல் கேட்பவனுக்கு அது சாதாரணப் பாட்டு; தெரிந்து கேட்பவனுக்குத் தொண்டை அடைக்கும்.

அம்மூன்று குழுக்களின் பிற்கால வரலாறு உற்சாகம் தருவதாயில்லை. பாடகர் பலர் மெல்லிய காதற்பாடல்களுக்குச் சென்று புகழும் பொருளும் ஈட்டினர். எஞ்சியோருள் மதிக்கத்தக்கது 1989-இல் முதல் தட்டு வெளியிட்ட பிளாக் ஹோல் குழு. குவாங்ஜுவில் மாண்டோரையும், பழைய உழவர் எழுச்சியையும் இவ்விசையில் வைத்துப் பாடிய துணிவு அவர்களுடையது. இறந்தோர்க்கான இரங்கற்பா என்பது எல்லா மொழியிலும் உள்ள வடிவம். அதனை உரத்த கிதாரில் பாடும்போது ஒப்பாரியும் போர்ப்பறையும் ஒருசேரக் கேட்கின்றன. கையறுநிலையும் தும்பையும் ஒரே பாட்டில் என்று நம் புறப்பொருள் இலக்கணக்காரர் வகைசெய்திருப்பர்.

1990-களின் கதை வியப்பானது. 1991-இல் தோன்றிய கிராஷ் என்னும் குழு, மேலைநாட்டுத் தரத்துக்கே ஒலிக்க வேண்டுமென்று கோலின் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயத் தயாரிப்பாளரைக்கொண்டு முதல் தட்டைச் செய்தது. ஒலி பிசிறற்று வந்தது. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். திறமைக்கு எடுத்துக்காட்டு என்று பாராட்டலாம்; அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அக்குழுவின் பாடகர் ஆன் ஹூங்-சானின் உறுமல் கொரியாவின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது வேறு வழியாக. தொழிற்பள்ளிப் படிப்பை இடையில் விட்டுச் சினாவியில் சிறிதுகாலம் வாசித்த சொ தேஜி என்னும் இளைஞர், பின்பு நாடே கொண்டாடும் பாடகரானார். அவருடைய 1994-ஆம் ஆண்டுத் தட்டில் வகுப்பறையைப் பற்றிய ஒரு பாடல். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விடியலில் அடைத்து ஒரே பாடத்தைத் திணிக்கும் பள்ளிமுறையை அது சாடுகிறது. அப்பாடலின் உச்சத்தில், கொரிய மொழியில், அந்த உறுமல் வருகிறது. ஆங்கிலத்தில் வெறும் திறமையாக இருந்த குரல் இங்கே பொருளுடையதாகிவிட்டது. தேர்வு என்னும் பெயரால் நசுங்கும் பிள்ளையின் நெஞ்சிலிருந்து வரும் ஓசை இனிமையாகவா இருக்கும்?

மாணவர் சொல்வதைக் கேட்க மனமில்லாத பெரியவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள். அப்பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டால் குருதி போதவில்லை என்று சாத்தான் பேசுகிறான் என ஒரு வதந்தி கிளம்பி, தொலைக்காட்சிச் செய்தி வரைக்கும் போயிற்று. எதையும் பின்னோக்கி ஓடவிட்டால் ஏதேனும் கேட்கத்தான் செய்யும். முன்னோக்கி ஓடும்போது அது கூறியதைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசினார்கள் என்பதே என் ஐயம்.

1995-இல் அவருடைய வேறொரு பாடலின் வரிகளைத் தணிக்கைக் குழு மாற்றச் சொன்னது. அவர் மாற்றவில்லை, சொற்களை அடியோடு நீக்கி வெறும் இசையாகவே தட்டில் சேர்த்தார். அந்த மௌனம் எல்லா வரிகளையும்விட உரக்கப் பேசியது. 1996 ஜூனில் முன்தணிக்கை ஒழிந்தது. ஆயினும், உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, உணவும் பானமும் விற்கும் சிற்றரங்குகளில் குழு இசை வாசிப்பதற்கிருந்த தடை 1999 வரை நீங்கவில்லை. ஹொங்தே பகுதியின் நிலவறை அரங்குகள் அதுகாறும் சட்டப்படி குற்றமாகவே நடந்தன. ‘அண்டர்கிரவுண்ட்’ என்று அவர்கள் சொன்னதில் மிகை எதுவுமில்லை. தரைக்கு அடியில், சட்டத்துக்கும் அடியில். இன்றும் பகலில் அலுவலகமோ கடையோ பார்த்துவிட்டு இரவில் சிறு கூட்டத்துக்கு வாசிப்போர் பலர். அவர்கள் கருவி வாங்கும் அங்காடிக்கு நாக்வொன் என்று பெயர். சுவர்க்கம் என்பது பொருள்.

இனி, மண்வாசனை என்னும் வழுக்கு நிலத்துக்கு வருவோம். வந்த இசையைச் சொந்தமாக்க எளிய வழி, பழைய கருவியொன்றை நடுவே ஊதவிடுவது. சொ தேஜியே 1993-இல் ஒரு பாடலில் மின்கிதாருக்கும் துள்ளிசைப் பேச்சுக்கும் நடுவில் தெப்யொங்சோ என்னும் குழலை ஒலிக்கச் செய்தார். கேட்க நயமாக இருக்கும். கல்யாணப் பந்தலில் வாழைமரம் போல. ஆனால் அந்தக் குழலின் பூர்விகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நம் நாகசுரத்துக்கு உறவான அந்த ஊதுகருவி, பாரசீகத்துச் சுர்னா வழியில் பிறந்து, சீனம் வழியாகக் கொரியா புகுந்தது. அயலார் குழல் என்னும் பொருளில் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அயலார் குழலே இன்று நாட்டு மரபின் அடையாளம்! தர்கா வாயிலில் நாகசுரமும் நகராவும் ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விந்தை புதிதன்று.

ஒட்டுவேலைக்கும் உயிர்க்கலப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது ஜம்பினாய் என்னும் குழு. கொரிய மரபிசையைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற மூவர் 2009-இல் தொடங்கியது. ஹெகும் என்பது இருதந்தி வில்யாழ். கொமுங்கோ என்பது மூங்கிற்குச்சியால் தட்டி மீட்டும் ஆறுதந்தி யாழ். இவ்விரண்டையும் கிதாருக்கு அணிகலனாக அவர்கள் வைக்கவில்லை. கனத்த தாளத்தை அடித்து நடத்துவதே கொமுங்கோதான். கிதார் அதன் பின்னே வருகிறது. 2012-இல் வந்த தட்டின் முதற்பாடலில் குச்சி தந்தியில் விழும் ஒவ்வொரு அடியும் பட்டறைச் சம்மட்டி போல் விழ, ஹெகும் கீறிக்கொண்டு அழுகிறது. பாட்டுக்குச் சொல் தேவைப்படவில்லை. அறிஞர் சபையில் பட்டுத்துணி மேல் வைத்துப் பேணப்பட்ட கருவிக்குள் இவ்வளவு சினம் இருந்ததா என்று கேட்கத் தோன்றும். 2018-இல் பியொங்சாங் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் அரசே இவர்களை மேடையேற்றியது. நிலவறையிலிருந்து அரசவிழா வரை வந்துவிட்டதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழா மேடையின் வெளிச்சத்தில் அந்தச் சினம் ஒரு காட்சிப்பொருளாகிவிடும் ஆபத்து உண்டு.

இவ்விசையின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வேகத்துக்காகவே வேகம், மண்டையோடும் சாத்தானும் வரைந்த இறக்குமதிச் சட்டை, ஆண்பிள்ளைத் தனத்தின் வீண்பெருமை ஆகியவை கொரியாவிலும் மலிந்துள்ளன. பத்துத் தட்டில் ஏழு, கடையில் வாங்கிய கோபம். நம் இல்லங்களில் இதனினும் அடிப்படையான வினா எழும்: இசைக்கருவி ஆகுமா, ஆகாதா? அதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு பழமையானது. அதைத் தீர்க்கும் இடம் இதுவன்று. ஆனால் அவ்வினாவையே பாட்டாக்கியவர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், காருத் மாவட்டத்து மதரஸா மாணவியர் மூவர் 2014-இல் தங்கள் ஆசிரியரின் தூண்டுதலால் ஒரு மெட்டல் குழு தொடங்கினர். சுந்தா மொழியில் இரைச்சல் என்னும் பொருள்படும் ‘பாசப்ரோத்’ என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்டனர். ஊராரின் எதிர்ப்புக்கிடையே, தலைத்துணி கலையாமல், 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா வரை சென்றனர். 2022-இல் அவர்கள் வெளியிட்ட பாடலொன்று, இசைக்க அனுமதி வேண்டி இறைவனிடம் நேரே கையேந்துகிறது. வடிவத்தால் அது மெட்டல். வகையால் அது முனாஜாத்து. நம் வீட்டுப் பெரியவர்கள் அதனை ஏற்க வேண்டுமென்று நான் கூறவில்லை. ஏற்காதவரும் அதன் வகையை அடையாளங்காண்பர் என்கிறேன்.

தமிழர் நிலை என்ன? சிங்கப்பூரில் 1992-இல் கதிர் முதலானோர் தொடங்கிய ருத்ரா என்னும் குழு, உபநிடதக் கருத்துகளையும் வடமொழி மந்திர ஓசையையும் மெட்டலோடு இணைத்து ‘வேத மெட்டல்’ என்று தனக்கொரு பெயரும் சூட்டிக்கொண்டது. 1998 முதல் தட்டுகள் தொடர்ந்து வந்துள்ளன. உறுதியும் பயிற்சியும் அவர்களிடம் உண்டு. முப்பதாண்டுக்கு மேல் தளராமல் நிற்பது எளிதன்று. ஆனால் பாடல்களில் ஆங்கிலமும் வடமொழியுமே மேலோங்குகின்றன. தத்துவம் அவர்கள் பொருள். வீடும் தெருவும் வேலையும் அதில் குறைவு. சொ தேஜியின் வகுப்பறைக்கும் பிளாக் ஹோலின் குவாங்ஜுவுக்கும் ஈடான இடம் ஒன்றை அவர்களிடம் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் சகோதரி மகனுக்குப் பிடித்தது ஜம்பினாய். சொல் இல்லாததால் மொழி தெரியவேண்டிய தொல்லை இல்லை என்பது அவன் கூறும் காரணம். இரவு ஷிப்டு முடிந்து பேருந்தில் திரும்பும்போது அதனைக் கேட்பானாம், பக்கத்து இருக்கைக்காரர் காதுக்கருவியை மீறிவரும் ஓசையைக் கேட்டு, “என்ன தம்பி, கம்பெனி சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்துவிட்டாயா?” என்றாராம். கும்மிடிப்பூண்டி முதல் திருப்பெரும்புதூர் வரை நாள்தோறும் மூன்று ஷிப்டிலும் அந்தச் சத்தம் ஓயாமல் எழுகிறது. அதனைத் தமிழில் பாடும் குழு எதையும் அவனும் இதுவரை கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.